ஒலிவாங்கியின் முன் ஓர் ஆசான்

கல்வியாண்டு முடியும் தறுவாயில் நமது தமிழ்த்துறை வாசலில் இரண்டு மூன்று மாணவர்கள் தயங்கி நிற்பது ஆண்டுதோறும் காணும் காட்சி. உள்ளே அழைத்துக் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "ஐயா, மீடியாவுக்குப் போகணும். யாரைப் பாக்கணும்?" வேடசந்தூரிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் நத்தத்திலிருந்தும் காலைப் பேருந்தில் நின்றபடியே திண்டுக்கல் வந்து சேரும் பிள்ளைகள் இவர்கள். குடும்பத்தில் பட்டப்படிப்பைத் தொட்ட முதல் தலைமுறையினர். தொல்காப்பியமும் சிலம்பும் கற்பிக்கும் நமக்கு அந்தக் கேள்விக்கு நேரடியான விடை தெரியாது. ஆனால் அக்கேள்வியின் வடிவம் கவனிக்கத்தக்கது. 'என்ன படிக்க வேண்டும்' என்று அவர்கள் கேட்பதில்லை. 'யாரைப் பார்க்க வேண்டும்' என்றுதான் கேட்கிறார்கள். ஒலிபரப்பு ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குக் கைமாறும் தொழில் என்பதை அவர்கள் எப்படியோ உணர்ந்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி நம்மிடம் பயின்றார். வகுப்பில் அவர் ஒரு பத்தியை வாசித்தால், கடைசி வரிசையில் உறங்குகிறவனும் தலைநிமிர்வான். ஒரு நிலையத்தின் குரல் தேர்வுக்கு நாமே அவரை அனுப்பி வைத்தோம். "பேச்சில் ஊர் வாடை அடிக்கிறது" என்ற தீர்ப்போடு திரும்பி வந்தார். நாம் அதை ஏற்றுக்கொண்டோம். நமது பிழை அங்கேதான் தொடங்கிற்று. அடுத்த சில மாதங்கள் மாலைதோறும் ழகர, ளகரப் பயிற்சி கொடுத்தோம். 'இங்கிட்டு', 'அங்கிட்டு', 'பைய' ஆகியவற்றைத் தடைசெய்தோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் இழுத்துப் பிடித்துத் திருத்தினோம். இரண்டாம் முறை தேர்வுக்குச் செல்லுமுன் நம் முன்னிலையில் அவர் வாசித்துக் காட்டியபோது பிழை ஒன்றுகூட இல்லை. அவரும் அதில் இல்லை. இம்முறையும் தேர்வாகவில்லை. இன்று அவர் வேறொரு பணியில் இருக்கிறார், குறையொன்றும் சொல்வதில்லை. ஆனால் நாம் கற்பித்தது என்ன, கெடுத்தது என்ன என்ற ஐயம் நம்மை விட்டு அகலவில்லை. பழைய ஒலிபரப்பாளர்கள் தம் மாணவர்களை எப்படி உருவாக்கினார்கள் என்று தேடப் புகுந்தது அதனால்தான். இக்கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்தவற்றின் தொகுப்பு.

ஆசான் இல்லாத தலைமுறை

தமிழகத்தில் ஒலிபரப்பின் கதை, 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண அமெச்சூர் வானொலிக் கழகத்தோடு தொடங்குகிறது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமின்றி 1927இல் அது ஓய்ந்தபின், 1930இலிருந்து சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும், திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் தொடங்கின. திண்டுக்கல் சமவெளிக்கு நெடுங்காலம் துணையிருந்த குரல் திருச்சியினுடையது; மதுரைக்கு நிலையம் வந்தது 1980களில்தான். கடலுக்கு அப்பால் கொழும்பில் 1925 டிசம்பரிலேயே வானொலி பேசத் தொடங்கியிருந்தது.

இந்த முதல் தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லை. தமிழில் குரலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அதுவரை மூன்று இடங்களில் இருந்தார்கள்: நாடக மேடை, அரசியல் மேடை, கதாகாலட்சேப மேடை. மூன்றும் கூட்டத்தை நோக்கிப் பேசுபவை. ஆயிரம் பேர் ஒன்றாக அமர்ந்திருக்கும் திடலில் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்ற தேவையில் பிறந்த குரல்கள் அவை. வானொலியோ வீட்டுத் திண்ணையில் தனியே அமர்ந்திருக்கும் ஒருவரிடம், ஒரு சாண் தூரத்தில் இருப்பதுபோலப் பேச வேண்டிய கருவி. மேடையில் வெற்றிபெற்ற குரல் ஒலிவாங்கியின் முன் முரட்டுத்தனமாகிவிடும். வாசிப்பிலும் இதே சிக்கல் உண்டு. அச்சில் படிப்பவர் புரியாத வரிக்குக் கண்ணைத் திருப்பிச் செல்லலாம்; கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எழுவாயை முதலில் வைத்து ஐந்தாம் வரியில் பயனிலையைத் தரும் நமது உரைநடை மரபு, காதுக்கு எழுதும்போது கைவிடப்பட வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து சிந்தித்து எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதியவர் சோ. சிவபாதசுந்தரம். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப் பகுதியிலுள்ள கரம்பொன்னில் 1912இல் பிறந்தவர். 'ஈழகேசரி' இதழின் ஆசிரியராக இருந்து, பின்னர் இலங்கை வானொலிக்குச் சென்றவர். 1941 மே மாதத்தில் 'செய்தி மடல்' என்ற பெயரில் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டன் சென்று பணியாற்றியபோது, பாரதியின் சொல்லை எடுத்து அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டினார். மூன்று தலைமுறைத் தமிழர் நாவில் அப்பெயர் நிலைத்தது.

ஊர் திரும்பியபின் அவர் செய்த செயல்தான் நமக்கு முக்கியம். தாம் கற்றதைத் தமது மேசைக்குள் பூட்டி வைத்துக்கொள்ளாமல், 1954இல் 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலாக எழுதி வெளியிட்டார். தமிழில் இத்துறைக்கு வழிகாட்டியாக வந்த முன்னோடி நூல் அது. எந்தத் தொழிலிலும் முதல்வராக இருப்பவருக்கு ஒரு சபலம் உண்டு. அத்தொழிலின் இரகசியம் தம்மோடு இருந்தால் தம் இடமும் தம்மோடு இருக்கும் என்பது. அந்தச் சபலத்துக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. தாம் நேரில் காணவே போகாத மாணவர்களுக்கும் ஆசானாக இருக்க நூலைத் தவிர வேறு வழி அன்று இல்லை.

இலக்கிய வாசகர்கள் இவரை வேறு வழியாகவும் அறிவார்கள். சிட்டியுடன் இணைந்து அவர் எழுதிய 'தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்' (1977), தமிழ்ச் சிறுகதை வரலாற்று நூல் (1989) ஆகிய இரண்டும் இன்றும் நமது முதுகலை மாணவர்கள் தேடிப் படிப்பவை. சிட்டி என்ற பெ.கோ. சுந்தரராஜனும் வானொலிக்காரரே. நமது வத்தலக்குண்டு மண் தந்த ராஜம் ஐயரும் பி.எஸ். ராமையாவும் இடம்பெறாத தமிழ்ப் புனைகதை வரலாறு இருக்க இயலாது. அந்த வரலாற்றை விரிவாக எழுதித் தந்த இருவர் வானொலி நிலையங்களில் பணிபுரிந்தவர்கள் என்பதை நம் மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் வியக்கிறார்கள். ஊடகம் வேறு, இலக்கியம் வேறு என்று இன்றைய பாடத்திட்டம் பிரித்துவைத்திருப்பதன் விளைவு அது.

சிறுவர் நிகழ்ச்சி என்னும் பயிற்சிக்கூடம்

நூல் ஒரு வழி. மற்றொரு வழி, சிறுவயதிலேயே ஒலிவாங்கியின் முன் கொண்டுவந்து நிறுத்துவது. சென்னை நிலையத்தில் 'வானொலி அண்ணா' என்று குழந்தைகள் அழைத்த ர. அய்யாசாமியும், கொழும்பில் 'வானொலி மாமா' என்று அழைக்கப்பட்ட சரவணமுத்துவும் நடத்திய சிறுவர் நிகழ்ச்சிகள் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. 'ஆசிரியர்' என்றோ 'அதிகாரி' என்றோ இல்லாமல் அண்ணா, மாமா என்ற உறவுப் பெயர்களோடு அவர்கள் அறியப்பட்டது தற்செயல் அன்று. அச்சத்தில் தொண்டை இறுகும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது பயிற்சியைவிட உறவுதான்.

இலங்கை வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது அவ்வாறு சிறுவர் நிகழ்ச்சி வழியாக உள்ளே வந்தவர். பின்னர் வானொலி நாடகம், அறிவிப்பு, 'பாட்டுக்குப் பாட்டு' என்று வளர்ந்து, தொலைக்காட்சி வழியாகத் தமிழகத்து வீடுகளிலும் அறிமுகமானார். தமது அனுபவங்களை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்ற நூலாகவும் தந்திருக்கிறார். எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், 1994இல் கொழும்பில் கொல்லப்பட்ட கே.எஸ். ராஜா ஆகியோரின் குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கியபோது, தென்னிந்தியா முழுதும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. அதற்கு எதிர்வினையாக விவித் பாரதி 1957 அக்டோபரில் தொடங்கப்பட்டது. எனினும் திண்டுக்கல் தேநீர்க் கடைகளிலும் பூட்டுப் பட்டறைகளிலும் மாலை நேரத்தில் முள் இலங்கைப் பக்கமே நின்றது. பாடலுக்காகக் கேட்டவர்கள், தம்மை அறியாமலே உச்சரிப்பும் கற்றார்கள்.

இரண்டு தமிழும் ஒரே கூரையின் கீழ்

நம்மை உறுத்திக்கொண்டிருந்த கேள்விக்கு இங்கேதான் ஒரு வெளிச்சம் கிடைத்தது. இலங்கை வானொலியின் அறிவிப்புத் தமிழ், தமிழகம் பொறாமைப்படும் அளவுக்குத் தூய்மையானது. பிற சொல் கலவாமல், ழகரம் பிசகாமல் பேசுவார்கள். அந்தத் தூய்மையைத்தான் நாமும் நம் மாணவியிடம் எதிர்பார்த்தோம். ஆனால் அதே நிலையத்தில்தான் இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' யாழ்ப்பாணத்துக் கிராமப் பேச்சில் தொடராக ஒலித்தது. 'சானா' என்ற சண்முகநாதனின் பெயரோடு இணைந்து நிற்கும் 'லண்டன் கந்தையா'வும் மண்ணின் பேச்சில் அமைந்ததே. சானா ஒரு முழுத் தலைமுறை வானொலி நடிகர்களை உருவாக்கியவர். ஆக, ஒரே நிலையத்துக்குள் இரண்டு தமிழும் பயிலப்பட்டன. எந்தத் தமிழ் எந்த இடத்துக்கு என்பதே பயிற்சியின் சாரம். ஊரை அழித்துவிட்டு அந்த இடத்தில் அறிவிப்புத் தமிழை நடுவதன்று.

நம் பக்கத்திலும் சான்றுகள் இருக்கின்றன. 1960களின் நடுவில் திருச்சி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாகப் பரவிய ஏ.டி.டி.27 நெல் இரகத்துக்குத் தஞ்சை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். உழவனிடம் அவன் பேச்சில் பேசத் தெரிந்தவர்கள் நிலையத்துக்குள் இருந்திராவிட்டால் அந்தப் பெயர் பிறந்திராது.

தென்கச்சி கோ. சுவாமிநாதனையும் நினைத்துப் பார்க்கலாம். வேளாண்மைப் பட்டதாரி. 1977இல் திருநெல்வேலி வானொலியில் பணியில் சேர்ந்து, 1984இல் சென்னைக்கு மாற்றலானவர். 1988இலிருந்து அவர் வழங்கிய 'இன்று ஒரு தகவல்' காலை நேரத்தில் தமிழகத்தைக் கட்டிப்போட்டது. அவர் குரலில் மேடைத் தமிழின் முறுக்கு எதுவும் இல்லை. களத்துமேட்டில் கதை சொல்லும் ஒரு பெரியவரின் நிதானம் இருந்தது. 2009இல் அவர் மறைந்தபோது, உறவினர் ஒருவரை இழந்ததுபோல மக்கள் வருந்தினார்கள். 'ஊர் வாடை' என்று நாம் துடைத்தெறிய முயன்றது அவரிடம் முழுமையாக இருந்தது. அதுவே அவருக்கு மூலதனமாகவும் இருந்தது.

இதனால் ழகரம் தேவையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. செய்தியில் 'மழை' என்பது 'மளை' ஆகக் கூடாது. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் பிழைபடக் கூடாது. ஆனால் ஒலிப்புப் பிழை வேறு, பேச்சின் நடை வேறு. முன்னதைத் திருத்தலாம். வாக்கியம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எந்தச் சொல்லில் மூச்சு நிற்கிறது என்பதெல்லாம் ஒருவர் பிறந்த வீட்டிலிருந்து வருபவை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தது நமது அறியாமை.

மாணவர் கையில் நிலையம்

இந்தக் கைமாற்றம் கல்லூரி வளாகத்துக்குள் வந்தது இருபத்தோராம் நூற்றாண்டில். வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த மத்திய அரசு இசைவளித்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். பேசத் தொடங்கியது, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. அதன் பின்னால் நின்றவர் ஆர். ஸ்ரீதர். கல்வி ஒலி-ஒளிபரப்பில் நீண்ட அனுபவமுள்ள அவர், நிலையத்தின் நிகழ்ச்சிப் பணியில் ஊடக அறிவியல் மாணவர்களையும் சுற்றுப்புறக் குடியிருப்புகளின் மக்களையும் ஈடுபடுத்தினார். பின்னர் நாடெங்கும் இத்தகைய நிலையங்கள் தோன்றவும் உழைத்தார். 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இந்த உரிமை விரிந்தது.

சமுதாய வானொலியின் அளவு சிறியது: ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில்தான் கேட்கும். அந்தச் சிறுமையே மாணவருக்கு அனுகூலம். பெரிய நிலையத்தில் புதியவரின் பிழை ஒரு விபத்து. சிறிய நிலையத்தில் அது அன்றாடம். மறுநாள் காலை அதே மாணவர் மீண்டும் வந்து திருத்திப் பேசலாம். நிகழ்ச்சியைக் கேட்டவரே தெருவில் நிறுத்தி, "நேத்து நீ சொன்னது புரியலம்மா" என்று சொல்வார். எந்தத் தேர்வுத்தாளும் தராத மதிப்பீடு அது. ஆயினும் ஒரு குறை உண்டு. தனியார் பண்பலையும் சமுதாய வானொலியும் தாமாகச் செய்தி திரட்டி வாசிக்க நமது நாட்டில் இசைவில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. ஆகவே செய்தி வாசிப்பில் நாட்டமுள்ள மாணவர் அதற்கான பயிற்சியை அங்கே முழுமையாகப் பெற முடிவதில்லை.

சமவெளியும் மலையும்

நம் மாவட்டத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கோடைக்கானல் மலைமேல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து பேசும் கோடைப் பண்பலை (100.5 மெகாஹெர்ட்ஸ்), அந்த உயரத்தின் காரணமாகவே பல மாவட்டங்களை எட்டுகிறது. பண்பலை நேர்கோட்டில் செல்லும் அலை. கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். கீழே கீரனூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் வயலில் இருப்பவர்கள் இடுப்பில் செருகிய கைப்பேசியில் அதைக் கேட்பதை இன்றும் காணலாம். காந்திகிராமத்தில் 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் கிராமியக் கல்விக்கு விதை ஊன்றியபோது, படிப்பு என்பது ஊருக்குத் திரும்பி வர வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பை ஒலிபரப்புக்கும் பொருத்திப் பார்க்கலாம். சென்னையின் பேச்சைக் கற்றுச் சென்னையிலேயே கரைந்துபோகும் நூறு குரல்களைவிட, இந்தச் சமவெளியோடு இதன் நடையிலேயே பேசத் தெரிந்த பத்துக் குரல்கள் நமக்குத் தேவை.

ஆனால் அக்குரல்களுக்கு வாழ்வு எங்கே என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. அரசு வானொலி நிலையங்களில் நிரந்தர அறிவிப்பாளர் பணியிடங்கள் அருகிவிட்டன. பணியில் இருப்போரில் பலர் மாதத்தில் சில நாட்கள் மட்டும் அழைக்கப்படும் தற்காலிக அறிவிப்பாளர்கள். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு, 76 ஆண்டுகள் ஒலித்தபின், 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. இணையத்தில் பிபிசி தமிழ் தொடர்கிறது. சிவபாதசுந்தரம் பெயரிட்ட அந்த இரவுக் குரல் தொடரவில்லை. மறுபுறம், கைப்பேசி உள்ள எந்த மாணவரும் இன்று யாருடைய இசைவும் இன்றி யூடியூபிலும் வலையொலியிலும் பேசலாம். குரல் தேர்வு என்ற வாசற்காவலனே இல்லை. நம் நத்தத்து மாணவி அன்று இந்த வசதியோடு இருந்திருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் காவலன் போனபோது ஆசானும் சேர்ந்தே போய்விட்டான். ஒருவர் நூறு நிகழ்ச்சி பதிவேற்றலாம். 'மூன்றாம் நிமிடத்தில் நீ உனக்குப் புரியாததை வாசித்தாய்' என்று சொல்ல ஆளில்லை. பார்த்தோர் எண்ணிக்கை அதைச் சொல்வதில்லை.

நாம் இப்போது செய்வது

பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒருநாள் வகுப்பு முடிந்தபின் ஏழெட்டு மாணவர்கள் கூடுகிறோம். அன்றைய நாளிதழ்ச் செய்தி ஒன்றை எடுத்துக் காதுக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும். நீள வாக்கியத்தை மூன்றாக உடைப்பது, '1,37,450' என்று அச்சில் இருப்பதை 'ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம்' என்று ஆக்குவது, மூச்சு நிற்கும் இடத்தில் கோடு இடுவது என்று போகும். பின்னர் அதை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்கிறோம். அடுத்து, அதே செய்தியைத் தம் வீட்டுப் பாட்டிக்குச் சொல்வதுபோல ஊர்ப்பேச்சில் சொல்ல வேண்டும். அதையும் பதிவு செய்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, எது உயிரோடு இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை. பாட்டியிடம் பேசிய குரலின் ஏற்ற இறக்கத்தைச் செய்தி வாசிப்புக்குள் எவ்வளவு கொண்டுவர முடியும் என்பதே எஞ்சிய பயிற்சி. ழகரமும் நடக்கிறது, அதற்கென்று ஒதுக்கிய பத்து நிமிடத்தில்.

சென்ற மாதம் அந்த நத்தத்து மாணவியைப் பேருந்து நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்தோம். இந்த வாரக் கூடலைப் பற்றிச் சொல்லி, ஒருநாள் வந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட இயலுமா என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எந்தப் பேச்சுல வாசிக்கணுங்கய்யா?" என்றார். கேலியா, உண்மையான கேள்வியா என்று நமக்கு விளங்கவில்லை. இரண்டிலும் என்றோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டு வட்டாரத்தில் பழைய வானொலி நிகழ்ச்சிகளின் ஒலிநாடாக்களை எவரேனும் பரணில் வைத்திருந்தால், அவற்றைக் குப்பையில் போடுமுன் அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு, யாரைக் கேட்க வேண்டும் என்றாவது நம்மால் சொல்ல முடியும்.